இல்லாத காலின் வலி

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவரைக் கண்டவர்கள் அங்கே இருப்பார்கள். மாலையில் செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேச்சின் நடுவே அவர் கை தானாகக் கீழே போகும், பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சொறிய. அங்கே காற்றைத்தவிர ஒன்றுமில்லை. கை திரும்பிவிடும், அரிப்பு மட்டும் போகாது.

அரிப்போடு நின்றால் பரவாயில்லை. நள்ளிரவில் இல்லாத கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். இல்லாத விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக்கொள்ளும். இல்லாத பாதத்தில் கத்தி வைத்துத் திருகுவதுபோல் இருக்கும். அறுவை அறையிலேயே உடலைவிட்டுப் போய்விட்ட ஒரு கால் இருபது ஆண்டு கழித்தும் எப்படி வலிக்கும்?

பார்ப்பவர்கள் விடையைத் தயாராக வைத்திருக்கிறார்கள்: மனப்பிரமை. விடை அதுவல்ல என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அத்தனை காலமும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

கதை வேடத்தில் வந்த உண்மை

16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் படை மருத்துவர் ஆம்ப்ராஸ் பாரே இதைக் குறித்து வைத்திருக்கிறார். கால் வெட்டப்பட்டுப் பல மாதம் ஆன வீரர்கள், போன பகுதியில் வலிக்கிறது என்று முறையிட்டார்கள். 1797-இல் டெனெரிஃப் தீவுத் தாக்குதலில் வலக்கையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன், இல்லாத விரல்களை உணர்ந்தார் என்றும், கை போன பின்னும் கையின் உணர்வு நிற்குமானால் உடல் போன பின்னும் ஆன்மா நிற்கும் என்று சொன்னார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

இந்தப் புதிருக்கு ஒரு பெயர் கிடைக்க அமெரிக்க உள்நாட்டுப் போர் வரவேண்டியிருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் மினியே குண்டு என்ற புதுவகை ஈயக்குண்டு பயன்பட்டது. மென்மையான ஈயம் என்பதால் உடலில் பட்டதும் நசுங்கி விரியும். எலும்பைத் துளைக்காது, நொறுக்கும். நொறுங்கிய எலும்பும் அழுகும் புண்ணுமாக வந்தவரைக் காப்பாற்ற அன்றைய மருத்துவருக்குத் தெரிந்த வழி ரம்பம்தான். வட மாநிலப் படையின் மருத்துவப் பதிவேட்டில் மட்டும் ஏறத்தாழ 30,000 உறுப்பு நீக்கங்கள் உள்ளன.

ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் மருத்துவர் சைலஸ் வெய்ர் மிட்செல் அந்தப் போரில் காயமடைந்தவர்களைக் கவனித்தார். நரம்பில் குண்டு பட்ட சிலருக்குத் தீயில் வைத்ததுபோல் எரிந்தது. கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டு, பூட்ஸுக்குள்ளும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். உறுப்பு நீக்கப்பட்ட 90 பேரை அவர் விசாரித்தார். 86 பேர் போன உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்ந்தார்கள்.

இவ்வளவு தெரிந்த மருத்துவர் இதை முதலில் மருத்துவ இதழில் எழுதவில்லை. 1866 ஜூலையில் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் பெயர் போடாமல் ஒரு சிறுகதையாக வெளியிட்டார். நான்கு உறுப்புகளையும் இழந்த ஜார்ஜ் டெட்லோ என்பவர் தன் கதையைத் தானே சொல்வதுபோல் எழுதப்பட்டது அது. வாசகர்கள் டெட்லோவை உண்மை மனிதர் என்றே நம்பிப் பணம் திரட்டினார்கள். சக மருத்துவர்கள் ஏளனம் செய்வார்களோ என்று பார்க்கவே கதை வேடம் போட்டார் என்பது பிற்காலத்தவரின் கருத்து. தன் பெயரில் அவர் எழுதியது 1871-இல்தான். அப்போது கொடுத்த பெயரைத் தமிழில் ‘மாய உறுப்பு’ எனலாம்: உடலில் இல்லாமல் உணர்வில் மட்டும் இருக்கும் உறுப்பு. இந்த அத்தியாயத்தில் அது சில இடங்களில் மாயக்கை, சில இடங்களில் மாயக்கால்.

பெயர் பெற்ற ஒரு மருத்துவரே தயங்கினார் என்றால், கிராமத்துக்குத் திரும்பிய சிப்பாய் யாரிடம் போய்ச் சொல்வார்?

மூளைக்குள் ஒரு தபால் நிலையம்

விரலில் முள் குத்தினால் விரலில் வலிக்கிறது என்கிறோம். விரலிலிருந்து செய்திதான் புறப்படுகிறது. அது நரம்பு வழியே தண்டுவடம் ஏறி மூளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வலி ஆகிறது. எந்த இடத்துச் செய்தி என்று மூளைக்கு எப்படித் தெரியும்?

ஊர்த் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் மரப்பெட்டியை நினைத்துக்கொள்ளலாம். தெருவுக்கொரு மாடம். அந்த மாடத்தில் விழுந்தால் அந்தத் தெருக் கடிதம். மூளையின் மேற்பரப்பில், காதுக்கு மேலே தொடங்கி உச்சி வரை ஓடும் ஒரு பட்டையில் இப்படி உடம்பு முழுவதற்கும் மாடங்கள் இருக்கின்றன. கனடாவின் மான்ட்ரியாலில் வில்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு, ‘இப்போது எங்கே உணர்கிறீர்கள்?’ என்று கேட்டு இந்த வரிசையை வரைந்தார். 1937-இல் அது வெளிவந்தது. நுண்ணிய உணர்வு தேவைப்படும் உதட்டுக்கும் விரலுக்கும் பெரிய மாடங்கள், முதுகுக்குச் சிறியது. வரிசை உடம்பில் உள்ளதுபோலவும் இல்லை. கையின் மாடத்துக்கு அடுத்து முகத்தின் மாடம் இருக்கிறது.

ஒரு தெருவை முழுதாக இடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தபால் நிலையத்து மாடத்தை யாரும் கழற்றவில்லை. அதில் எப்படியோ ஒரு கடிதம் விழுந்தால், பிரிப்பவர் இல்லாத அந்தத் தெருவின் பெயரைத்தான் படிப்பார். கால் போனது இடுப்புக்குக் கீழே. மூளையில் காலுக்கான இடம் போகவில்லை.

ஸ்டான்லியில் படித்தவரின் அட்டைப்பெட்டி

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களின் தொடக்கத்தில் இந்த மாடத்தில் கைவைத்தார். பல்லாண்டுகளுக்கு முன் கை நரம்பு துண்டிக்கப்பட்ட குரங்குகளின் முகத்தைத் தொட்டால், மூளையில் கைக்குரிய பகுதி விழித்துக்கொள்கிறது என்று 1991-இல் ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. குரங்கு தன் அனுபவத்தைச் சொல்லாது. மனிதர் சொல்வார் அல்லவா?

விபத்தில் கையிழந்த ஓர் இளைஞரின் கண்ணைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தைத் தொடுவதும் தெரிந்தது. கூடவே இல்லாத கட்டைவிரலைத் தொடுவதும் தெரிந்தது. முகத்தில் இடத்தை மாற்ற மாற்ற, மாயக்கையில் வேறு வேறு விரல்கள் பதில் சொல்லின. பக்கத்துத் தெருக் கடிதங்கள் காலியான மாடத்தில் விழுகின்றன என்று அவர் விளக்கினார். இருபது ரூபாய் பெறாத குச்சி, கண்கட்டு, ஒரு கேள்வி. பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியில் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

வலிக்கு விடை இன்னும் வரவில்லை. பலருடைய மாயக்கை அசைவதில்லை என்பதை அவர் கவனித்தார். முறுக்கிய முஷ்டி, உள்ளங்கையில் பதியும் நகம், எத்தனை முயன்றாலும் விரியாத விரல். இவர்களில் பலருக்குக் கை வெட்டப்படுவதற்கு முன்பே செயலிழந்து கிடந்திருக்கிறது. ‘அசை’ என்று மூளை கட்டளை அனுப்பும். ‘அசையவில்லை’ என்று கண் பதில் அனுப்பும். மாதக்கணக்கில் இதே பதிலைக் கேட்ட மூளை, அசையாமையையே பாடமாகப் படித்துவிட்டதோ? அப்படியானால் கண்ணை வைத்தே பாடத்தை மாற்றிப் படிக்கவைக்க முடியாதா?

மூடியில்லாத ஓர் அட்டைப்பெட்டி, அதன் நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால், பிம்பம் சரியாக மாயக்கை இருக்கும் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் இரண்டு கையும் விரியும். ஏறத்தாழ பத்தாண்டு உறைந்து கிடந்த மாயக்கை கொண்ட ஒருவர் இதைச் செய்து பார்த்ததும், கை அசைகிறதென்று கத்திவிட்டார். கண்ணை மூடச் சொன்னார்கள். கை மறுபடி உறைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் பழகினார். மூன்று வாரம் கழித்து மாயக்கையின் பெரும்பகுதியே காணாமல் போயிற்று. முழங்கை வலியும் அதோடு போயிற்று.

படிப்பவர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மேசைமேல் ஒரு கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, இடக்கையை அதன் பின்னால் மறைத்து, வலக்கையின் பிம்பத்தையே பார்த்தபடி விரல்களை அசைத்தால் சில நொடியில் ஒரு மயக்கம் வரும். வலக்கையை மட்டும் அசைத்தால், அசையாத இடக்கை தன்னுடையதுதானா என்று குழப்பம் வரும். இரண்டு கையும் நலமாக உள்ளவர்களுக்கே இப்படி.

வால்டர் ரீடில் நான்கு வாரம்

ஒருவர் குணமானார் என்பது செய்தி. மருத்துவம் ஆக, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்தது ராணுவ மருத்துவமனை.

இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரம் புதைத்த வெடிகளில் சிக்கியவர்களில் பலர், முந்தைய போர்களாக இருந்திருந்தால் செத்திருப்பார்கள். மார்புக் கவசமும், ரத்தத்தை உடனே நிறுத்தும் கட்டுப்பட்டையும், விரைவு ஹெலிகாப்டரும் உயிரைக் காப்பாற்றின. கவசம் மூடாத கைகால்களைக் காப்பாற்றவில்லை. அந்த இரண்டு போர்களில் உறுப்பிழந்த அமெரிக்க வீரர்கள் 1,600-க்கும் மேல். வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் ஜேக் சாவ், ஒரு காலையோ பாதத்தையோ இழந்து மாயவலியால் தவித்த 22 பேரைச் சேர்த்தார். கடைசி வரை இருந்தவர்கள் 18 பேர்.

மூன்று குழுக்கள், குழுவுக்கு ஆறு பேர். முதல் குழுவுக்கு ஒரு நிலைக்கண்ணாடி: நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு காலையும் அசைக்க வேண்டும். இரண்டாம் குழுவுக்கும் அதே கண்ணாடி, ஆனால் துணி போட்டு மூடியது. மூன்றாம் குழுவுக்குக் கண்ணாடி கிடையாது. கண்ணை மூடி, மாயக்கால் அசைவதாக மனதில் கற்பனை செய்தால் போதும். தினம் 15 நிமிடம், நான்கு வாரம்.

மூடிய கண்ணாடி எதற்கு? வெள்ளைக் கோட்டுக்காரர் அக்கறையாக ஏதோ ஒன்றைச் செய்யச் சொன்னாலே சிலருக்கு வலி குறையும். கண்ணாடியின் வேலையையும் அந்த நம்பிக்கையின் வேலையையும் பிரித்துக் காட்டவே அந்தத் துணி.

நான்கு வாரத்தின் முடிவில் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்திருந்தது. துணி மூடிய குழுவில் குறைந்தது ஒருவருக்கு. மூன்று பேருக்குக் கூடிவிட்டது. கற்பனைக் குழுவில் இருவருக்குக் குறைந்தது, நால்வருக்குக் கூடியது. பிறகு இந்த இரண்டு குழுக்களிலிருந்து ஒன்பது பேருக்கு உண்மைக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். எட்டுப் பேருக்குக் குறைந்தது. 2007-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதை வெளியிட்டது. பதினெட்டுப் பேர் சிறிய எண்ணிக்கைதான். பிற்கால ஆய்வுகளில் எல்லாருக்கும் இப்படிப் பலித்துவிடவில்லை. ஆனால் மருந்துச்சீட்டு இல்லாமல், பக்கவிளைவுக்குப் பெரிதாக அஞ்சாமல், ஒரு நிலைக்கண்ணாடி விலையில் செய்யக்கூடிய சிகிச்சை இது.

பக்கவிளைவு என்று ஒன்று பதிவாகியிருக்கிறது. கண்ணாடியில் இரண்டு காலையும் முழுதாகப் பார்த்த மாத்திரத்தில் இருவருக்குத் துக்கம் பீறிட்டது. சில நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஒரே வரியில் அந்த ஆய்வு அதைச் சொல்லிக் கடந்துவிடுகிறது. படிப்பவர்களால் அவ்வளவு விரைவாகக் கடக்க முடிவதில்லை.

இரண்டு காலையும் இழந்தவருக்குக் கண்ணாடியில் காட்ட எது இருக்கிறது? அவர்களுக்காக அதே மருத்துவர் பின்னர் இன்னொருவரின் காலைப் பயன்படுத்தினார். சிகிச்சையாளர் தன் கால்களை அசைப்பார். வீரர் பார்த்துக்கொண்டே தன் மாயக்கால்களை அவ்வாறே அசைப்பார். அடுத்தவர் கால் அசைவதைப் பார்ப்பதும் வலியைக் குறைத்தது.

மாடம் யாருடையது?

கண்ணாடி வேலை செய்கிறது என்பதால் அதற்குச் சொன்ன விளக்கம் சரியென்று ஆகிவிடாது. பக்கத்து மாடத்தார் காலி மாடத்தை ஆக்கிரமிப்பதால்தான் வலி என்பது நெடுநாள் பாடநூல் கருத்து. தமார் மேக்கின் என்ற நரம்பியலாளரும் அவருடைய சகாக்களும் அதை எதிர்த்தார்கள். கையிழந்து பல்லாண்டு ஆனவரிடம் ‘இல்லாத விரலை அசையுங்கள்’ என்று சொல்லி ஸ்கேன் எடுத்தால், பழைய மாடம் பழைய பெயரோடு அப்படியே இருக்கிறது என்றார்கள். மூன்று நோயாளிகளைக் கை நீக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் பின்தொடர்ந்து எடுத்த படங்கள் 2025-இல் வெளிவந்தன. கையின் வரைபடம் பெரிதாகக் குலையவே இல்லை.

அப்படியென்றால் வலிச் செய்தி எங்கிருந்து? ஒரு பகுதி, வெட்டிய இடத்திலிருந்து. துண்டிக்கப்பட்ட நரம்பு மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேர இடமில்லாமல் சுருண்டு முடிச்சாகிவிடும். இடித்த வீட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மின்கம்பிபோல் அந்த நரம்பு முடிச்சு தானாகப் பொறி கக்கும். அந்தப் பொறியைக் ‘கால்’ என்று மூளை படிக்கிறது. அமெரிக்காவில் சில அறுவை மருத்துவர்கள் இப்போது அந்த நரம்பு நுனியை அருகிலுள்ள தசையின் நரம்போடு இணைத்து விடுகிறார்கள். போக்கிடம் கிடைத்த நரம்பு அமைதியாகிறது. நம்பிக்கை தரும் முடிவுகள் வருகின்றன.

நரம்பு முடிச்சா, தண்டுவடமா, மூளையா என்ற வாதம் ஓயவில்லை. மனப்பிரமை என்ற விடை மட்டும் வாதத்திலிருந்தே வெளியேறிவிட்டது.

ஒரு போர் எப்போது முடிகிறது?

1984-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் ராணுவப் பணியால் உறுப்பிழந்த 5,000 பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். எழுதியவர்களில் 78 விழுக்காட்டினர் மாயவலி உண்டு என்றார்கள். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் என்று எந்தப் போர் எப்போது முடிந்தது என்பது அந்த வலிக்குத் தெரியவில்லை.

மாயவலி மட்டுமல்ல. தொடையோடு கால் போனவர் அதே தூரம் நடக்க மற்றவர்களைவிட மிக அதிகமாக உழைக்க வேண்டும். பாரமெல்லாம் நல்ல காலுக்குப் போவதால் அந்த முழங்கால் முன்கூட்டியே தேயும், இடுப்பு வலிக்கும். இரண்டாம் உலகப் போரில் காலிழந்தவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், முழங்காலுக்கு மேல் காலிழந்தவர்களிடம் இதயநோய் மரணம் கூடுதலாக இருந்தது. இருபத்தைந்து வயதில் காலில் பட்ட வெடி, அறுபது வயதில் நெஞ்சில் வந்து நிற்கிறது.

மிட்செல் கவனித்த அந்த உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதற்கான ஓய்வூதியத்தைக் கடைசியாகப் பெற்றவர் ஒரு வீரரின் மகள்; மாதம் 73 டாலர் 13 சென்ட். அவர் 2020 மே மாதம் இறந்த பிறகே அந்தக் கணக்கு மூடப்பட்டது. போருக்கு ஆகும் செலவைப் பட்ஜெட் நாளில் மட்டும் பார்ப்பவர்கள் இந்த 155 ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி

போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட காயத்தை விழுப்புண் என்று சொல்லிப் பெருமை செய்த மொழி தமிழ். விழுந்தவனுக்கு நடுகல் நட்ட நாடு இது. அந்தப் பெருமையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் காயத்துக்கு. காட்ட உடம்பே இல்லாத காயத்தைச் சொல்ல வந்தவருக்கு முதலில் கிடைத்தது சந்தேகம்தான்.

இந்தியாவில் உறுப்பிழந்த படைவீரர்களுக்கென்று புனேயில் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இருக்கிறது. டிசம்பர் 7 கொடி நாள் 1949 முதல் நடக்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், படையில் சேரும்போது குறையேதும் குறிக்கப்படாத ஒருவருக்குப் பின்னால் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும், ஐயத்தின் பலன் வீரருக்கே என்று சொன்னது. நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவருடையது என்றது. நோயாளியின் சொல்லை நம்பிப் பஞ்சுக்குச்சியை எடுத்தவரும் அந்த இடத்தில்தான் தொடங்கினார்.

மாயவலி உள்ள பலர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பைத்தியம் என்பார்களோ என்ற அச்சம். ஆகவே அடுத்த கொடி நாளில் உண்டியலில் பணம் போடுபவர்கள் இன்னொன்றும் செய்யலாம். தெருவில், உறவில், கை கால் இழந்த பட்டாளத்துக்காரர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, ‘போன கால் இப்போதும் வலிக்குதாண்ணே?’ என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அந்த வலிக்குப் பெயர் உண்டு, மருத்துவம் உண்டு என்று சொல்லுங்கள். இயன்முறை மருத்துவர் இருக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடிச் சிகிச்சையைப் பற்றி அங்கே விசாரியுங்கள்.